சுபியின் ஈரல் யாருக்கு

ஜனவரி 4

கடலை மண்டிக்காரர் வருடாவருடம் கொடுக்கும் டைரி. நான் இதில் ஒரு வரி எழுதியது கிடையாது. ராஜகனி தாள் தாளாகக் கிழித்து வடை வைக்க எடுத்துக்கொள்வாள். இந்த வருடம் அவளிடம் கொடுக்கப்போவதில்லை, எழுதப்போகிறேன். என் மகள் சுபிக்ஷாவுக்கு இந்த வருடம் ஆபரேஷன் நடக்கும் என்கிறார்கள். பெரியவளானதும் எடுத்துப் படிக்கட்டும். அவள் அப்பன் எவ்வளவு தைரியமாக இருந்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

நான் தங்கமாரியப்பன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறேன். எங்கள் மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது என்று இதுவரை ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

சுபிக்கு ஒன்பது வயது. பருப்பு, பால், முட்டை, கடலை எதுவும் அவளுக்குச் சேராது. சேராது என்றால் வயிற்றுவலியோடு போகிற சமாச்சாரம் இல்லை. இந்தச் சாப்பாட்டில் இருக்கும் ஏதோ ஒன்றை உடைத்துத் தள்ள வேண்டிய வேலையை அவள் ஈரல் செய்வதில்லை. உடையாதது ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்குகிறது. சாதாரணக் காய்ச்சல் வந்தாலே போதும், தள்ளாட ஆரம்பித்துவிடுவாள். பிறகு எழுப்பினால் எழமாட்டாள். அந்த நேரத்தில் அவள் மூத்திரம் வெல்லப்பாகு வாசம் அடிக்கும்.

பிறந்தபோதே அந்த வாசம் வந்தது. வேறு வீடாக இருந்தால் இது என்ன வாசம் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் சட்டை, தலைமுடி, தலையணை எல்லாமே பாகு வாசம்தான். மிட்டாய்க்காரன் பிள்ளை மிட்டாய் வாசத்தோடு பிறந்திருக்கிறது என்று என் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திய பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டர் ஈரத்துணியை மோந்து பார்த்து நோயைக் கண்டுபிடித்தார். பிழைத்துக்கொண்டாள். என் மகள் லேசுப்பட்டவள் இல்லை.

அன்றிலிருந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்து டப்பா மாவும் அளந்த சோறும்தான். வேறு ஈரல் வைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்று சென்னையில் பதிந்து வைத்திருக்கிறோம். என்னுடையதில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் கொழுப்பு படிந்திருக்கிறதாம், வேண்டாம் என்று விட்டார்கள். ராஜகனிக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. இறந்துபோகிற யாராவது ஒருவர் வீட்டில் மனது வைக்க வேண்டும். வந்துவிட்டால் அந்தக் கெட்ட ஈரலை எடுத்து எறிந்துவிடலாம்.

ஜனவரி 19

சென்னைக்குச் சோதனைக்குப் போய் வந்தோம். டாக்டர் ஷாஹிதா ஒரு சேதி சொன்னார். சுபியின் உடம்பிலிருந்து எடுக்கும் ஈரலை எறிய வேண்டாமாம், இன்னொருவருக்கு வைக்கலாமாம். நான் சிரித்துவிட்டேன். எங்களை ஒன்பது வருடமாகப் பாடாய்ப் படுத்துகிற சாமானை யார் தலையில் கட்டுவது என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினார். அந்த ஈரல் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யாது, மற்ற எல்லா வேலையும் சுத்தமாகச் செய்யும். அந்த ஒரு வேலையை ஈரல் மட்டும் செய்வதில்லை, உடம்பில் இருக்கும் சதையும் செய்யும். சுபிக்கு இரண்டிலுமே அது இல்லை. மற்றவர்களுக்குச் சதையில் இருக்கிறது, அதனால் அவர்களுக்கு இந்த ஈரலே போதும். இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதில் ஏறவில்லை. மனது குருசாமி மாமாவிடம் போய்விட்டது.

குருசாமி மாமா என் அம்மாவின் தம்பி, ராஜகனியின் அப்பா. எனக்கு மாமாவும் அவரே, மாமனாரும் அவரே. சொட்டு சாராயம் தொடாத மனுஷர். எப்போதோ வந்த காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து ஈரலைத் தின்றுவிட்டது. வயிற்றில் நீர் கட்டி, கால் வீங்கி, விளாத்திகுளத்தில் வீட்டோடு கிடக்கிறார். அவரும் பதிந்துவிட்டுத்தான் காத்திருக்கிறார். மகன் கதிரேசன் சிங்கப்பூரிலிருந்து வந்து தன் ஈரலில் ஒரு துண்டு தருகிறேன் என்றான். கல்யாணம் ஆகாத பையன் வயிற்றைக் கிழிக்க விடமாட்டேன் என்று மாமா ஒரே பிடியாக நிற்கிறார்.

இனி யார் வயிற்றையும் கிழிக்க வேண்டாம். வீட்டிலேயே ஈரல் இருக்கிறது.

ஜனவரி 26

சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. கல்யாண மண்டபம், மைக் செட், சொந்தம் அத்தனையும் வந்திருந்தது. மாமாவையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் சொல்லாமல் எங்கே சொல்வது? தாய்மாமன் சீர்த்தட்டு வைத்து முடிந்ததும் மைக்கை வாங்கினேன். என் காது குத்தும்போது என்னை மடியில் வைத்திருந்தவர் குருசாமி மாமா. கடை வைக்க முதலில் அடுப்பு வாங்கித் தந்தவர் அவர். பெண்ணையும் கொடுத்தவர் அவர். மாமன் வீட்டிலிருந்து இத்தனை காலம் சீர் வாங்கிய வீடு இது, இப்போது என் மகள் ஒரு சீர் செய்யப்போகிறாள் என்று சொன்னேன். வெற்றிலை பாக்கில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மாமா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெஞ்சு நிறைந்து போயிற்று. எங்கள் குடும்பத்தில் எதையும் வெளியே விட்டதில்லை. பெண் எடுப்பது, கொடுப்பது, வயல், வீடு எல்லாம் உள்ளுக்குள்ளேயேதான். இதுவும் உள்ளேயே நிற்கப்போகிறது.

ராஜகனி, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றாள். இவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சுபி தூக்குவாளியிலிருந்து தன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன்னிடம் இருக்கும்போது கெட்டதாக இருப்பது தாத்தாவிடம் போனால் எப்படி நல்லதாகும் என்று கேட்டாள். அதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ சாப்பிடு என்றேன்.

பிப்ரவரி 2

மாமாவின் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியாயிற்று. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். ஒரு வாத்தியார் சுபியைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்றார். நான் ஒன்றும் மறுக்கவில்லை.

பிப்ரவரி 12

டாக்டர் ஷாஹிதா போன் செய்தார். முடியாது என்கிறார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கும் சுபிக்கும் ரத்த வகை ஒன்று, மாமா உடம்பும் ஒல்லி, சிறிய ஈரலே போதும் என்று அவரே சொன்னாரே. அப்புறம் என்ன? நம்ம ரத்தம் என்றுதானே கொடுக்கிறோம் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"உங்க ரத்தம்கிறதாலதான் முடியாது சார்," என்றார். "சுபிக்கு வந்த குறை உங்க அம்மா வழியா உங்களுக்கும், உங்க மாமா வழியா உங்க மனைவிக்கும் வந்தது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதி இருக்கு, அவகிட்ட முழுசா சேர்ந்துடுச்சு. மாமாவோட சதையிலயும் பாதிதான் வேலை செய்யுது. அவரோட சொந்த ஈரல் இருக்கிறவரைக்கும் தெரியாது. இதை வெச்சா அவர் உடம்பு தாங்குமான்னு எனக்கு உறுதி இல்ல. நான் அந்த ஆபத்துக்குப் போக மாட்டேன். வேற குடும்ப வழியில வந்தவங்க வேணும். அன்னைக்கே சொன்னேனே."

அன்றைக்குச் சொன்னாராம். நான் கேட்டதாக நினைவில்லை.

அதே ரத்த வகையில், சிறிய உடம்போடு, எங்களுக்குச் சொந்தம் இல்லாத ஒருவர் காத்திருக்கிறாராம். அவருக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

பாகு முறுகிவிட்டது. ஒரு பாத்திரம் முழுக்கக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. வெல்லம் சரியில்லை.

பிப்ரவரி 15

இன்று வீட்டில் சண்டை. எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

ராஜகனி காலையிலேயே ஆரம்பித்தாள். முகம் தெரியாத ஆளாக இருந்தால் என்ன, கொடுத்துவிடலாம் என்றாள். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் வெற்றிலையில் கைவைத்துவிட்டு, இல்லை மாமா, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? மாமாவுக்கு ஆகாத ஈரல் ஊரில் எவனுக்கும் வேண்டாம், குப்பையில் போடட்டும் என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் பள்ளிக்கூடப் பையோடு சுபி.

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் வந்து மாவைக் குடிக்கமாட்டேன் என்றாள். அந்த மாவு நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். மிரட்டினேன், கெஞ்சினேன். கெட்ட ஈரலுக்கு எதுக்கு மாவு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ராஜகனி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"அத்தான், ஒம்பது வருசமா அவ காதுபட கெட்ட ஈரல், கெட்ட ஈரல்னுதான் சொல்லுதிய. அது என்ன வெளிய மாட்டியிருக்க சட்டையா? அது அவ உடம்பு. அதக் குப்பையில போடச் சொன்னா அவ என்னன்னு நெனப்பா? உங்களுக்கு உங்க வாக்கு பெருசு. எனக்கு எம்பிள்ள பெருசு."

போய் சுபி பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா சொன்னது தப்பு என்றேன். நாளைக்கே தாத்தாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், உன் ஈரல் குப்பைக்குப் போகாது என்றேன். சத்தியமா என்று கேட்டாள். சத்தியம் என்றேன். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

பிப்ரவரி 16

விளாத்திகுளம் பஸ்ஸில் வழி நெடுக என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாமா முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. முடியலை மாமா என்று மட்டும்தான் வாயில் வந்தது.

கட்டிலில் சாய்ந்தபடியே முழுக்கக் கேட்டார். சதை, ரத்தம், பாதி, முழுசு என்று எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அவர் முகத்தில் ஆசை வடிந்ததைப் பார்த்தேன். பிழைத்துவிடலாம் என்று இருந்த மனுஷரிடம் இல்லை என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று இன்றுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையிடம் வெற்றிலைத் தட்டை எடுத்து வரச் சொன்னார்.

"மாப்ள, வெத்தலையில வச்ச வாக்க வெத்தலையிலயே திருப்பித் தாரேன், எடுத்துக்கிடுங்க. ஒரு பய ஒங்களக் கேக்க முடியாது. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." தட்டை என் பக்கம் தள்ளினார். "எதுவும் வெளிய போயிரக் கூடாதுன்னுதான நமக்குள்ளயே கட்டிக்கிட்டோம். அது அந்தப் பிள்ள தலையில வந்து விடிஞ்சிருக்கு. இந்த ஒண்ணாவது வெளிய போகட்டும். எம்பேத்தி கொடுக்கான்னு போகட்டும்."

தட்டைக் கும்பிட்டு எடுத்துக்கொண்டேன். அவரிடம் பெண் எடுத்ததற்கு இதுவரை பெருமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு மருமகனாக இருப்பதற்கு இன்று பெருமைப்பட்டேன்.

கிளம்பும்போது கதிரேசனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். பேரப்பிள்ளை வயிற்றைக் கிழிக்கும்போது, மகன் தரும் துண்டை வாங்கிக்கொள்ள நான் பயப்படக் கூடாது என்றார்.

பிப்ரவரி 20

சென்னை. கையெழுத்துப் போட்டாயிற்று. டாக்டர் ஷாஹிதா எங்களைவிட சுபியிடம்தான் அதிக நேரம் பேசினார். உன்னுடையது, அதனால் உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டோம் என்றார். சுபி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாருக்குப் போகும் என்று கேட்டாள். பேர் சொல்லக் கூடாது, ஒரு அக்கா என்று வைத்துக்கொள் என்றார். அந்த அக்காவுக்குப் பாகு வாசம் வருமா என்று கேட்டாள். வராது, ஆனாலும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார். வந்தா எங்கிட்ட சொல்லணும் என்று சுபி உத்தரவு போட்டாள். டாக்டர் சரிங்க மேடம் என்றார்.

இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டாள்? என்னிடமாகத்தான் இருக்கும்.

மார்ச் 3

வெயில் ஏறிவிட்டது. அடுப்படியில் ஆட்கள் நிற்க முடியவில்லை. இன்னும் அழைப்பு இல்லை.

மார்ச் 14

கடலை வறுத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். அடுப்பை அப்படியே ஆட்களிடம் விட்டுவிட்டுக் கார் பிடித்தோம்.

எந்த ஊரிலோ ஒரு வீட்டில் இன்று இழவு. அந்த வீட்டார் மனது வைத்ததால்தான் இந்தக் கார் போகிறது. திருச்சி தாண்டியதும் ராஜகனி அவர்களை நினைத்து வாய்விட்டு அழுதாள். சுபி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவுவரை என் விரலைப் பிடித்திருந்தாள். நான் தைரியமாக இருந்தேன். ராஜகனி வேறு மாதிரி சொல்வாள், அவள் சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டு தியேட்டரில் வேலை நடக்கிறது என்று நர்ஸ் சொன்னார். வெளியே எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு நடுத்தர வயது அம்மாவும், புது வேட்டி கட்டிய ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் எழுந்தோம், அவர்களும் எழுந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி, எத்தனையோ ஆபரேஷன் நடக்கும், அவர்கள் யாராகவும் இருக்கலாம். கேட்கக் கூடாது என்பது கண்டிப்பு, நானும் கேட்கவில்லை. டீ வாங்கப் போனவன் அவர்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தேன். அந்தம்மா வாங்கிக்கொண்டு, உங்களுக்கு யாரு என்று கேட்டார். மகள் என்றேன். எனக்கும் மகதான் என்றார். இரண்டு பேரும் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் ஷாஹிதா வெளியே வந்தார். சுபிக்குப் புது ஈரல் வைத்துவிட்டார்கள், ரத்தம் ஓடுகிறது, நிறம் வந்துவிட்டது என்றார். ராஜகனி அவர் காலில் விழப்போனாள். அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார், எடுத்த ஈரலைப் பார்த்துப் பெரிய டாக்டரே நின்றுவிட்டாராம். ஒரு புள்ளி இல்லை, ஒரு தழும்பு இல்லை, இவ்வளவு அழகான ஈரலைப் பார்த்து நாளாயிற்று என்றாராம்.

ஒன்பது வருடம் நான் திட்டிய ஈரல். திரும்பச் சொல்லுங்கள் டாக்டர் என்றேன். சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டேன்.

மார்ச் 19

குழாய்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். சுபி பேசுகிறாள். முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்து, என் ஈரல் என்ன செய்யுது என்று கேட்டாள். அந்த அக்கா நன்றாக இருக்கிறார், அதற்குமேல் கேட்காதே என்றார் நர்ஸ். நர்ஸ் போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 29

பருப்புச் சோறு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் பருப்பு, உப்பும் இல்லை, பூண்டும் இல்லை. சுபி ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள். இதுக்காப்பா இவ்வளவு என்றாள். ராஜகனி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ரத்தத்தில் எதுவும் ஏறவில்லை.

மாமா போன் செய்தார். கதிரேசன் டிக்கெட் போட்டுவிட்டானாம். அவனுடைய சோதனைகள் ஒத்துவந்தால் வைகாசியில் ஆபரேஷன்.

ஏப்ரல் 6

டாக்டர் ஷாஹிதா வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அந்த அக்காவிடம் கேட்டாராம், சுபியிடம் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டாராம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்த அக்கா நேத்து முட்டை சாப்பிட்டாங்க சுபி. இன்னைக்கு ரத்தம் பாத்தோம். எதுவும் ஏறல. வாசமும் இல்ல."

சுபியின் கை தானாக வயிற்றுக் கட்டின் மேல் போயிற்று.

"என் ஈரலை வச்சுக்கிட்டா?"

"உன் ஈரலை வெச்சுக்கிட்டுத்தான்."

"எத்தன முட்ட?"

"ரெண்டு."

மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாப்பா?"

கேட்டேன் என்றேன். உன் ஈரல் நல்ல ஈரல்டா, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ராஜகனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் எழுந்து போகவில்லை.

சுபிக்கு அது போதவில்லை. இனிமேல் யாரிடமும் கெட்ட ஈரல் என்று சொல்ல மாட்டீர்களே என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். காதுகுத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் இந்த முட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். மைக் வைத்தே சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுறீங்க என்றாள். உன் ஈரலைப் பற்றித்தான் என்றேன். நீங்க சரியா எழுத மாட்டீங்க என்று பேனாவைப் பிடுங்கினாள். கையில் ஊசி குத்திய இடம் இன்னும் வீங்கியிருக்கிறது. டைரியை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, இந்தப் பக்கத்தின் மீதி இடத்தை அடைத்துப் பெரிய எழுத்தில் எழுதினாள்:

என் ஈரல் ரெண்டு முட்டை சாப்பிட்டது. இப்படிக்கு சுபிக்ஷா.